நிறுத்தாத காருக்கு ஓர் அபராதம்

இங்கிலாந்தில் எங்கள் ஊரான பர்ன்லியில் என்னைப் பிடிக்காதவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் என்று தோராயமாகச் சொல்லலாம். மீதிப் பாதி நான் ஓய்வு பெற்ற பிறகு லைசென்ஸ் வாங்கியவர்கள். பாக்கியசாலிகள்.

என் பெயர் நார்மன் ஹோல்டன். லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களுக்கு டெஸ்ட் எடுக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பக்கத்து இருக்கையில் விறைத்து உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, "அடுத்த வளைவில் இடப்பக்கம் திரும்புங்கள்" என்பதைத் தவிர வேறெதுவும் பேசாமல், தப்பு கண்ட இடத்தில் கோடு போடுவதுதான் என் பிழைப்பு. அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருக்கும் என்று என் மனைவி ஐரிஸ் ஒருமுறை ஒரு கல்யாண விருந்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"சாவு வீட்டுக்குப் போறவன் முகம் மாதிரின்னு சொல்லுவாங்கல்ல? அது இல்ல. செத்தவன் முகம்."

எங்கள் தெரு கசாப்புக்கடைக்காரர் என்னிடம் இரண்டு முறை தோற்றவர். அவர் எனக்குக் கட்டிக் கொடுக்கும் கறியில் எலும்பு கொஞ்சம் தாராளமாக இருக்கும். நான் வாயைத் திறந்ததில்லை. அந்த எலும்பைச் சம்பாதித்தது நான்தான்.

எழுபதைத் தாண்டிய பிறகு எனக்கு ஒரு வியாதி வந்தது. டாக்டரிடம் போகிற வியாதி இல்லை. காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு வாசல் தூண் கொஞ்சம் நகர்ந்து வந்து என் காரில் மோத ஆரம்பித்தது. முதல் தடவை, குப்பை லாரிக்காரன் இடித்துவிட்டான் என்று ஐரிஸிடம் சொன்னேன். அடுத்த தடவை, உறைபனியில் கல் வெடித்துவிட்டது என்றேன். மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லாமல் போய் சிமெண்ட் வாங்கி வந்து பூசினேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. நான் சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

கண் டாக்டர் கண் சரியாக இருக்கிறது என்றார். அப்படியென்றால் கோளாறு என்னிடம்தான். இத்தனை வருஷமும் நான் அடுத்தவன் ஓட்டுவதைப் பார்த்துக் குறை சொன்னேனே தவிர, பெரிதாக ஓட்டியதில்லை. நீச்சல் குளக்கரையில் நின்று விசில் ஊதியவன் கடைசியில் தண்ணீருக்குள் விழுந்த கதை. இரண்டொரு பாடம் படித்துக்கொண்டால் போதும் என்று தோன்றியது. ஆனால் யாரிடம்? ஊரில் கார் ஓட்டக் கற்றுத்தருகிற அத்தனை பேரும் என்னை அறிவார்கள். ஒருவரைக் கூப்பிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சிரிக்கும்.

அப்போதுதான் சிக்னலில் என் முன்னால் நின்ற ஒரு சின்ன மஞ்சள் காரின் பின்புறத்தில் ஒரு போன் நம்பரைப் பார்த்தேன். புதிய பள்ளி. எனக்குத் தெரியாத நம்பர். கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். என் பெயர் ஹார்ட்லி என்றேன். வியாழக்கிழமை, நீச்சல் குள வாசலில், என் சொந்தக் காரிலேயே பாடம் என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை வந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும், தலையில் பூப்போட்ட துணி சுற்றிய ஒரு பெண் என் கார்க் கதவைத் திறந்து பாதி உட்கார்ந்து, என்னைப் பார்த்து, அப்படியே நின்றாள்.

"நீங்களா ஹார்ட்லி?"

"ஆமாம்."

"என்னை அஞ்சு தடவை ஃபெயில் பண்ண ஒரு ஹோல்டன் சார் இருந்தாரு. அவருக்குக் கூடப்பொறந்தவங்க யாராச்சும் உண்டா?"

நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். அவள் முழுசாக உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"ஷமீனா மிர்ஸா. ஞாபகம் இருக்காது உங்களுக்கு. ஆறாவது தடவை பக்கத்து ஊரு பிளாக்பர்ன் போய் லைசென்ஸ் வாங்கினேன். அங்க இருந்த டெஸ்ட் ஆபீசர் சிரிச்சாரு சார்! டெஸ்ட் எடுக்கறவங்களுக்குப் பல்லு இருக்கும்னே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"வேற யார்கிட்டயாச்சும் நான்…"

"அதெல்லாம் முடியாது. போன்ல பேசியாச்சு, நேரமும் ஒதுக்கியாச்சு." பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தை என் முகம் மாதிரியே வைத்துக்கொண்டு, "அடுத்த வளைவில் இடப்பக்கம் திரும்புங்கள்" என்றாள்.

கண்ணாடியில் ஒரு சின்னக் கேமராவையும் ஒட்டினாள். ரோட்டையும் எடுக்கும், உள்ளே இருப்பவர்களையும் எடுக்கும், பேச்சும் பதியும். அவளிடம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். வீட்டுக்குப் போய் தப்பைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாமாம். "யார்கிட்டயும் காட்ட மாட்டீங்களே?" என்று கேட்டேன். "காட்டறதுக்கு இதுல என்ன சார் இருக்கு, சினிமாவா?" என்றாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நவம்பர் தொடக்கம். வாண வேடிக்கை நாளுக்கு ஐரிஸ் வருஷம் தவறாமல் பார்க்கின் செய்வாள். ஓட்ஸும் இஞ்சியும் கறுப்பு வெல்லப்பாகும் போட்டுச் செய்கிற கேக். சாமான் வாங்க என்னை அனுப்பினாள். வியாழக்கிழமை. பாடமும் அன்றைக்குத்தான். "கடைக்குப் போயிட்டு, அப்படியே கிளப்ல ட்ரெவரோட டோமினோ ஆடிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காலை பத்து மணிக்குக் கடைக்குப் போனேன். பெரிய கடை, பெரிய கார் நிறுத்துமிடம், ஒன்றரை மணி நேரம் இலவசம். ஓட்ஸ், இஞ்சி, வெண்ணெய் எல்லாம் வாங்கினேன். பாகை மறந்தேன். கிளம்பும்போது ஒரு ரொட்டி லாரி என் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்ததும், நான் அதைத் திட்டியதும் நினைவிருக்கிறது.

ஷமீனாவை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே மேட்டு நிலத்துக்குப் போனோம். அங்கே ஒரு பழைய மதுக்கடை இருக்கிறது. பகலில் ஈ காக்கை இருக்காது. அதன் முற்றத்தில் போட்டிருந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே காரைப் பின்பக்கமாக நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் பாடம். சுற்றிலும் ஆட்டுப்பட்டி. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் வரிசையாக வந்து நின்று பார்த்தன.

நான் வெகுநேரம் முயன்றேன். ஒரு தடவை இடப்பக்கக் கோட்டின் மேல். ஒரு தடவை வலப்பக்கக் கோட்டின் மேல். ஒரு தடவை இரண்டு கோட்டின் மேலும் குறுக்காக. இதை எப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு கோபம் வந்து, முன்னால் போய்த் திரும்பி வரலாம் என்று வேகமாக எடுத்ததில் காரின் மூக்கு ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டது.

ஷமீனா அட்டையில் ஒரு கோடு போட்டாள். பிறகு கேமராவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, காரை ஒரு சுற்று சுற்றிப் படம் பிடித்தாள். முன் நம்பர் பிளேட் முழுக்கச் சேறு.

அந்த நேரம் பார்த்து ஐரிஸ் போன் செய்தாள்.

"நார்மன், பாகு எங்க?"

"வாங்கலியா?"

"என்னைக் கேட்டா? எங்க இருக்க நீ?"

"கிளப்ல."

"ஆடு கத்துற சத்தம் கேக்குதே."

"ட்ரெவர் கத்துறான்."

"வரும்போது பாகு வாங்கிட்டு வா" என்று வைத்துவிட்டாள்.

ஒரு குடியானவர் டிராக்டரில் வந்து காரை இழுத்து விட்டார். ஷமீனாவை இறக்கிவிட்டு மதியம் மறுபடி அதே கடைக்குப் போய், ஒரு டப்பா பாகு வாங்கிக்கொண்டு, பத்து நிமிஷத்தில் வெளியே வந்தேன். பார்க்கின் நன்றாக வந்திருந்தது. பார்க்கிங்தான் வரவில்லை.

சில நாள் கழித்துத் தபாலில் ஒரு காகிதம் வந்தது. மேலே மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்டு, போலீஸ் அனுப்பியது போலவே இருந்தது. இரண்டு புகைப்படம். ஒன்றில் என் கார் காலை பத்து மணிக்கு உள்ளே நுழைகிறது. இன்னொன்றில் மதியம் இரண்டரைக்கு வெளியே போகிறது. ஆக, ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டிய இடத்தில் நாலரை மணி நேரம் நின்றேனாம். நூறு பவுண்டு கட்டவேண்டும். இரண்டு வாரத்துக்குள் கட்டினால் அறுபது.

நடந்தது என்னவென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தக் கேமரா உள்ளே வரும்போது முன் பிளேட்டையும் வெளியே போகும்போது பின் பிளேட்டையும் படிக்கும். காலையில் நான் வெளியே போனதை ரொட்டி லாரி மறைத்துவிட்டது. மதியம் திரும்பி வந்ததைச் சேறு மறைத்துவிட்டது. நடுவில் நான் ஊர் சுற்றியது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை என் கார் அங்கேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது.

புரிந்தது சரி. ஐரிஸும் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"பத்துலேருந்து ரெண்டரை வரைக்கும் கார் கடையில நின்னுதா? கிளப்ல இருந்தேன்னு சொன்னே?"

"கார் அங்க நிக்கல. தப்பாப் போட்டிருக்கான்."

"அப்போ கார் எங்க இருந்துது?"

"கிளப் வாசல்ல."

அவள் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "சரி" என்றாள். அந்த ஒரு 'சரி'யை விட அவள் ஒரு தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம்.

கிளப்பில் ட்ரெவரிடம் காகிதத்தைக் காட்டினேன். ட்ரெவர் பழைய தச்சன், நாற்பது வருஷச் சிநேகிதன். எந்தக் காகிதம் வந்தாலும் அவனிடம் ஒரே வைத்தியம்தான்.

"தூக்கிக் குப்பையில போடுடா. இது போலீஸ் போட்டதும் இல்ல, முனிசிபாலிட்டி போட்டதும் இல்ல. ஏதோ ஒரு கம்பெனிக்காரன் காசு கேக்குறான். கேட்டா குடுத்துருவியா?"

"கோர்ட்டுக்குப் போனா?"

"போனா போகட்டும். நீ என்ன, கோர்ட்டு பாக்காத ஆளா?"

"பாத்ததில்லையே."

"அப்போ பாத்த மாதிரி ஆச்சு."

நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை. நான் விதிமுறைக்காரன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு விதி சொன்னவன். இந்த விதிக்காரர்களுக்கு ஒரு பாடம் கற்பித்துவிடுவோம் என்று கிளம்பினேன். முதலில் கடைக்குப் போய் மேனேஜரைப் பார்த்தேன். மரியாதையான மனிதர். "வண்டி நிறுத்துற இடம் எங்களோடது இல்லீங்க, வேற கம்பெனி பாக்குறாங்க. நாங்க வெறும் கடை" என்று சொல்லி, ஆறுதலுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட் கொடுத்தார்.

பிறகு அந்தக் கம்பெனிக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதினேன். அதை இப்போது படித்தால் எனக்கே உடம்பு கூசுகிறது. "அரசுப் பணியில் சாலைப் பாதுகாப்புக்காகத் தன் வாழ்நாளை அர்ப்பணித்த ஒருவன் என்ற முறையில்" என்று தொடங்குகிறது. பத்திகளுக்கு எண் போட்டிருந்தேன். எண்களுக்குள் சின்ன எழுத்தும் போட்டிருந்தேன். ஒரு பத்தியில் நாட்டின் ஒழுக்கம் எங்கே போகிறது என்றுகூடக் கேட்டிருந்தேன். நடுவில் எங்கே போயிருந்தேன் என்பதை மட்டும் "சொந்த அலுவல்" என்று முடித்துவிட்டேன். காலையில் ஓட்ஸ் வாங்கிய ரசீதையும் மதியம் பாகு வாங்கிய ரசீதையும் ஆதாரமாக வைத்து அனுப்பினேன்.

பதில் மூன்று வரி. "தாங்கள் அனுப்பிய ரசீதுகளுக்கு நன்றி. தாங்கள் காலையிலும் மதியமும் அந்த வளாகத்தில் இருந்தீர்கள் என்பதை அவை உறுதிசெய்கின்றன. முறையீடு நிராகரிக்கப்படுகிறது."

என் கையால் நானே கயிறு திரித்து, அளவும் சரி பார்த்து, அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன்.

"அறுபதைக் கட்டித் தொலை. ரெண்டு வாரத்துக்கு அதே சலுகை உண்டுன்னு போட்டிருக்கான்" என்றாள் ஐரிஸ்.

"கட்ட மாட்டேன். இதுக்கு மேல தனியா ஒரு தீர்ப்புக்காரர் இருக்காரு. அவர்கிட்ட போறேன்."

"அங்க போனா சலுகை போயிடும். தோத்தா நூறு."

"நான் தோக்க மாட்டேன்."

"நார்மன், அன்னிக்கு நீ எங்கதான் இருந்தே?"

"கிளப்ல" என்றேன், மூன்றாவது முறையாக. அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை ஷமீனாவிடம் புலம்பினேன். அவள் கார் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"சார், வீடியோ இருக்கே."

"எந்த வீடியோ?"

"அன்னிக்கு எடுத்தது. தேதி, நேரம், எந்த இடம் எல்லாம் கீழயே ஓடும். நான் இறங்கிச் சுத்தி எடுத்ததுல உங்க பின் பிளேட்டு பளிச்சுனு தெரியுது. இதை விட என்ன வேணும்?"

"அது வேண்டாம்."

"ஏன்?"

"அதுல நான் இருக்கேன்."

"நீங்க இருக்கறதுதான் சார் ஆதாரம்!"

"சரி, பள்ளத்துல விட்டதை மட்டும் வெட்டிடலாமா?"

"வெட்டினா கேஸே போச்சு. கேமரா ஏன் உங்களைப் பாக்கலன்னா சேறு. சேறு எங்கேருந்து வந்துதுன்னா பள்ளம். பள்ளத்துல யாரு விட்டா?" கையை விரித்தாள். "உங்களுக்குச் சாட்சி நீங்க விழுந்த பள்ளம்தான் சார்."

இன்னொரு சிக்கல் இருந்தது. அந்த வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எனக்கு அது தெரியாது. எங்கள் வீட்டில் கரண்டு பில்லிலிருந்து விமான டிக்கெட் வரை எல்லாம் ஐரிஸ்தான். நூலகத்தில் போய்ச் செய்யலாம் என்று பார்த்தேன். அங்கே உதவிக்கு உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெளுத்துப்போனாள். அவளையும் ஃபெயில் பண்ணியிருப்பேன் போல. திரும்பி வந்துவிட்டேன்.

தீர்ப்புக்காரருக்கு முறையீடு அனுப்பக் கடைசி நாளுக்கு முந்தின மத்தியானம், சமையலறை மேஜையில் ஐரிஸின் முன்னால் ஷமீனா வீடியோவைப் போட்டுக் கொடுத்த சின்ன யுஎஸ்பி குச்சியை வைத்தேன்.

"இதுல ஒரு படம் இருக்கு. பாக்காம ஏத்த முடியுமா?"

"பாக்காம எப்படித் தெரியும் சரியானதுதான்னு?" என்று செருகினாள்.

திரையில் ரோடு வந்தது. பிறகு நான் வந்தேன், கழுத்தை முன்னால் நீட்டி, ஆமை மாதிரி. ஷமீனாவின் குரல்: "கண்ணாடி பாருங்க. அது இல்ல சார், அது உங்க மூஞ்சி பாக்குற கண்ணாடி." பிறகு கோடுகள். பிறகு ஆடுகள். "பிரேக்கு. பிரேக்கு! ஹோல்டன் சார், பிரேக்கு இடப்பக்கம்!" பிறகு ஒரு பெரிய சத்தம். பிறகு என் குரலில் ஒரு வார்த்தை. அதை இங்கே எழுத முடியாது. பிறகு போன் மணி. "கிளப்ல" என்று நான் சொல்வது கணீரென்று கேட்டது. பின்னணியில் ஓர் ஆடு.

ஐரிஸ் அசையாமல் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். படம் முடிந்தது. மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தாள். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். அது முழுக்கச் சிரிப்பில் வந்த தண்ணீர் இல்லை என்று கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு நெனச்சேன்" என்றாள்.

"யாரு?"

"நீதான். வியாழக்கிழமை ஆனா நல்ல சட்டை. வெளிறிப்போன மூஞ்சியோட திரும்பி வர்றே. கேட்டா கிளப்புங்கறே. வியாழக்கிழமை கிளப்புக்கு நீ வர்றதில்லைன்னு ட்ரெவர் பொண்டாட்டி சொல்லிட்டா. உங்க அப்பாவும் இப்படித்தானே, கடைசி வரைக்கும் நோயை யார்கிட்டயும் சொல்லல. இந்த லெட்டர் வந்ததும், கார் ஆஸ்பத்திரி வாசல்லதான் நின்னுருக்கும், நீ சொல்ல பயந்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன். அதான் ரொம்பக் கேக்கல."

ஒரு தூணை மறைக்கப் போய் அவளை ஒரு மாதமாக மனசுக்குள்ளேயே என் சாவுக்குத் தயாராக வைத்திருக்கிறேன். நிறுத்தத் தெரியாதவன் என்று தெரிந்துவிடக் கூடாது என்ற என் கௌரவத்துக்கு அவள் கொடுத்த விலை அது.

"மன்னிச்சுக்கோ" என்றேன்.

"மன்னிக்கறதா? இரு, முதல்ல இன்னொரு தடவை பாக்கறேன்" என்று மறுபடி போட்டாள். அந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். குறுக்காக இரண்டு கோட்டின் மேலும் நிறுத்திய இடத்தில் படத்தை நிறுத்தி, "இதை எப்படிச் செஞ்சே?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள். பிறகு என் பழைய கடிதத்தைப் படித்துவிட்டு, நாட்டின் ஒழுக்கத்தையும் சின்ன எழுத்துகளையும் அடித்துவிட்டு, அவளே நாலு வரி எழுதினாள். காலையில் வந்தார், போனார், மதியம் மறுபடி வந்தார், நடுவில் எங்கே இருந்தார் என்பதற்குப் படம் இணைத்திருக்கிறோம். அவ்வளவுதான். அனுப்பினாள்.

கிறிஸ்துமஸ் கழித்துத் தீர்ப்பு வந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம். பணம் கட்ட வேண்டாம். தீர்ப்பெழுதியவர் ஒரு பெண்மணி, நான் பார்த்ததில்லை. ஆனால் எங்காவது பார்த்தால் அவர் என்னை அடையாளம் கண்டுகொள்வார். அதில் ஒரு வாக்கியத்தை ஐரிஸ் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாள்: "குறிப்பிட்ட நேரத்தில் முறையீட்டாளர் வேறோர் இடத்தில் தம் வாகனத்தை நிறுத்த முயன்றுகொண்டிருந்தார் என்பது ஐயமின்றித் தெரிகிறது. அவர் அதில் வெற்றி பெற்றாரா என்பதை இங்கு முடிவு செய்ய வேண்டிய தேவை எழவில்லை."

இத்தோடு நான் அடங்கியிருக்கலாம். அடங்கவில்லை. கிளப்பில் தீர்ப்பை உரக்கப் படித்தேன், கடைசி வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிட்டு. நாலு பேர் கைதட்டினார்கள். கைதட்டல் ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்பதை நான் அதுவரை அறிந்ததில்லை. என் தொழிலில் யாரும் தட்டியதில்லை. யாருக்கு இந்த மாதிரிக் காகிதம் வந்தாலும் என்னிடம் கொண்டு வாருங்கள் என்று அறிவித்தேன்.

ட்ரெவர் கொண்டு வந்தான். அதே கடை, அதே கம்பெனி, ஒரு சனிக்கிழமை, நாலு மணி நேரம்.

"உனக்கு ஆன மாதிரியே ஆயிடுச்சுடா. வந்தேன், போனேன், திரும்பி வந்தேன். கேமரா பாக்கல" என்றான்.

"குப்பையில போடச் சொன்னவன்தானே நீ?"

"அது உனக்கு வந்தப்ப. இது எனக்கு வந்திருக்கு."

நான் ஆதாரம் எதுவும் கேட்கவில்லை. நிபுணன் இல்லையா! "விட்டுத்தள்ளு, நான் பாத்துக்கறேன்" என்றேன். ஐரிஸ் உதவுகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். இந்த முறை கம்ப்யூட்டரில் ஏற்றவும் கற்றுக்கொண்டிருந்தேன். பத்திகளுக்கு எண் போட்டு எழுதினேன். கம்பெனி நிராகரித்தது. சலுகை விலையில் கட்டிவிடவா என்று ட்ரெவர் கேட்டான். "கட்டினா என் மூஞ்சியில முழிக்காதே" என்று சொல்லித் தீர்ப்புக்காரரிடம் எடுத்துப் போனேன்.

இந்த முறை கம்பெனி தன் பக்க ஆதாரத்தை அனுப்பியது. கடை வாசலில் இருந்த இன்னொரு கேமராவின் படங்கள். முதல் படத்தில் ட்ரெவர் தன் காரிலிருந்து இறங்குகிறான். கழுத்தில் கருஞ்சிவப்பும் நீலமுமாகப் பர்ன்லி அணியின் மஃப்ளர். இரண்டாவது படத்தில் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கால்பந்து மைதானத்தின் பக்கமாக நடக்கிறான். மூன்றாவது படத்தில் கார் மட்டும். நான்காவதிலும் கார் மட்டும். ஐந்தாவதில் ட்ரெவர் திரும்பி வருகிறான், தலையைத் தொங்கப் போட்டபடி. அன்றைக்கு எங்கள் அணி தோற்றிருந்தது.

படங்களைக் கிளப் மேஜையில் பரப்பினேன்.

"வந்தேன், போனேன், திரும்பி வந்தேன்னு சொன்னே!"

"ஆமா. வந்தேன், போனேன், திரும்பி வந்தேன். எங்கயாச்சும் பொய் இருக்கா?"

"கார் போகவே இல்லையேடா!"

"நான் என்னைப் பத்திச் சொன்னேன். நீ காரைப் பத்திக் கேக்கவே இல்ல. மேட்ச் பாக்கப் போனா கார் நின்னுக்கிட்டுத்தானே இருக்கும், கூடவே வந்து பக்கத்து சீட்ல உக்காருமா?"

பக்கத்து மேஜையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. என் பத்தி எண்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ட்ரெவர் முழு நூறும் கட்டினான். அறுபதோடு முடிந்திருக்க வேண்டியதை நூறாக்கியது நான்தான் என்பதால், மிச்ச நாற்பதை உறையில் போட்டு அவன் வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். சிநேகிதன், வேண்டாம் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் உறையைப் பிரித்து, நோட்டுகளை வெளிச்சத்தில் பார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டான். குடித்துவிட்டு வந்தேன்.